நடுங்கும் கரமும் கொடுக்கலாம்



பொல்பிட்டியவில் வாழ்வோருக்கு நீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மவுசாகலையில் தேங்கும் மலைநீர் ஒவ்வொரு மின்நிலையமாக இறங்கி, லக்ஷபானவைக் கடந்து, பொல்பிட்டிய மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிவிட்டுக் களனி கங்கையோடு செல்கிறது. 1969ஆம் ஆண்டு முதல் இப்பணி நடைபெற்று வருகிறது. இங்கே பெய்த மழையால் எங்கோ ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது. அவ்வீட்டார் இம்மலையைக் கண்டதில்லை. இம்மலையும் அவர்களை அறியாது. முகமறியாதவருக்கு ஒளி கொடுப்பது இந்த மண்ணுக்குப் பழகிய செயல்.

மனிதருக்குள்ளும் ஓர் ஆறு ஓடுகிறது. அதையும் முகமறியாத ஒருவருக்குக் கொடுக்க முடியும். அதற்கு அணைக்கட்டும் சுரங்கமும் வேண்டாம். ஓர் ஊசியும் ஒரு பையும் போதும். ஆனால் அந்த ஊசிதான் பலருக்குத் தடையாக நிற்கிறது. இரத்ததானம் நல்லது என்பதை மறுப்பவர் நம்மிடையே இல்லை. "கொடுக்க ஆசைதான் சாமி, ஊசியை நினைத்தால் கைகால் உதறுகிறது" என்று கூறுவோர்தாம் பலர். இந்த வாரம் அவர்களுக்காக எழுதுகிறேன். அவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

மனிதர் மட்டுமே தரக்கூடியது

மருத்துவம் எவ்வளவோ முன்னேறியுள்ளது. ஆயினும் நோயாளர்களுக்கு வேண்டிய இரத்தத்தைச் செய்து அனுப்பும் தொழிற்சாலை உலகில் எங்கும் இல்லை. ஒரு மனிதருக்கு இரத்தம் வேண்டுமெனில் இன்னொரு மனிதர் கரம் நீட்டவேண்டும். வேறு வழியைக் கடவுள் இன்னும் நம் கையில் தரவில்லை.

அவ்வாறு பெற்ற இரத்தத்தையும் நெடுநாள் சேமித்து வைக்க இயலாது. செங்குழியங்களைக் குளிரூட்டியில் ஐந்து அல்லது ஆறு வாரம்வரை வைத்திருக்கலாம். இரத்தம் உறைவதற்குத் துணைபுரியும் குருதிச் சிறுதட்டுகளோ ஏறத்தாழ ஐந்து நாட்களே பயன்படும். நெல்லைப் போல மூட்டை கட்டி அடுக்கிவைக்கும் பொருள் அன்று இது. நாள்தோறும் சுரக்கவேண்டிய ஊற்று.

யாருக்கு இது தேவைப்படுகிறது? முதலில் நம் தாய்மாருக்கு. பிள்ளைப்பேற்றின்போது ஏற்படும் கடும் இரத்தப்போக்கு உலகெங்கும் தாய்மாரின் உயிரைப் பறிக்கும் முதன்மையான காரணங்களுள் ஒன்று. லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கி, வளைவு நெளிவான மலைப்பாதையில் வைத்தியசாலையை அடைவதற்குள் கடந்துபோகும் நேரம் எத்தகையது என்பதைத் தோட்டத்துக் குடும்பங்கள் அறியும். அவ்வேளையில் பொருத்தமான இரத்தம் ஆயத்தமாக இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு குழந்தைக்குத் தாய் இருப்பாளா இல்லையா என்பது அடங்கியிருக்கிறது.

அடுத்து, தலசீமியா என்னும் பரம்பரை நோயுள்ள பிள்ளைகள். குருநாகலில் அவர்களுக்கென்றே தேசிய நிலையம் ஒன்று இயங்குகிறது. நோய் கடுமையாக உள்ள பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஊசிக்கு அஞ்சும் நாம் ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும்: அந்தப் பிள்ளை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மாதந்தோறும் கையை நீட்டுகிறது. அதற்கு மறுக்கும் உரிமைகூட இல்லை. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறுவோர், வீதி விபத்தில் சிக்கியோர், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் என்று இந்தப் பட்டியல் நீண்டு செல்லும்.

திருத்தந்தையரும் இதற்கு விலக்கல்லர். 1981ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் புனித பேதுரு சதுக்கத்தில் சுடப்பட்டபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பெருமளவு இரத்தத்தை இழந்தார். உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் பிறருடைய இரத்தம் ஏற்றப்பட்டே அவர் பிழைத்தார். பின்னர் 24 ஆண்டுகள் திருச்சபையை வழிநடத்தி, உலகை வலம்வந்து, 1995இல் நம் இலங்கை மண்ணிலும் கால்பதித்த அந்தப் புனிதரின் வாழ்வில், கரம் நீட்டிய மனிதர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்த ஈகையில் நம் நாடு உலகுக்கு எடுத்துக்காட்டாகவே விளங்குகிறது. ஒரு காலத்தில் நோயாளியின் உறவினர் இரத்தம் கொடுத்து ஈடுசெய்யும் வழக்கம் இங்கும் இருந்தது. 2014இல் இலங்கை, பணம் பெறாமலும் வற்புறுத்தப்படாமலும் தாமாக முன்வருவோரின் இரத்தத்தைக் கொண்டே முழுத் தேவையையும் நிறைவுசெய்யும் நிலையை எட்டியது. ஜூன் 14ஆம் நாள் கொண்டாடப்படும் உலக இரத்ததானிகள் தினத்தின் முதன்மை விழாவும் அவ்வாண்டு நம் நாட்டிலேயே நடைபெற்றது. தாய்மாரின் உயிர்காக்கப் பாதுகாப்பான இரத்தம் என்பதே அவ்வாண்டின் கருப்பொருள். இரத்த வகைகளைக் கண்டறிந்து 1930இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் லான்ட்ஸ்டைனர் 1868இல் பிறந்த நாளே ஜூன் 14.

அஞ்சுவது குற்றமா?

இனி அச்சத்துக்கு வருவோம். நம் மக்களிடையே மூவகை அச்சங்களைக் காண்கிறேன்.

முதலாவது, இரத்தம் போனால் பலம் போய்விடும் என்னும் அச்சம். கவ்வாத்து வெட்டுபவருக்கும் கொழுந்துக் கூடை சுமப்பவருக்கும் உடலே முதல். ஆகவே இந்த அச்சம் இயல்பானது. உண்மை என்னவெனில், வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் இரத்தம் இருக்கிறது. ஒருமுறை எடுக்கப்படுவது 450 மில்லிலீற்றர் அளவு, அதாவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாட்களிலும் செங்குழியங்கள் சில வாரங்களிலும் மீண்டும் உருவாகிவிடுகின்றன. அதனால்தான் நம் நாட்டில் ஒருமுறை கொடுத்தபின் நான்கு மாதங்கள் கழித்தே மறுமுறை கொடுக்க அனுமதிக்கிறார்கள்.

இரண்டாவது, நோய் தொற்றிவிடும் என்னும் அச்சம். ஒவ்வொருவருக்கும் புதிய, கிருமி நீக்கிய ஊசி பயன்படுத்தப்பட்டு உடனே அப்புறப்படுத்தப்படுகிறது. இரத்தம் கொடுப்பதால் எவருக்கும் எச்.ஐ.வி. தொற்றாது. எடுக்கப்பட்ட இரத்தமே எச்.ஐ.வி., ஈரல் அழற்சி முதலியவற்றுக்காகச் சோதிக்கப்பட்ட பின்னர்தான் நோயாளிக்குச் செல்கிறது.

இந்த இரண்டு அச்சங்களும் விளக்கம் கேட்டால் விலகிவிடும். மூன்றாவது அவ்வளவு எளிதில் விலகாது. அதுவே ஊசியைக் கண்டு அஞ்சும் அச்சம். அறிவு ஒப்புக்கொண்டாலும் உடல் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. மழைக்காலத் தேயிலை மலையில் காலெல்லாம் அட்டை கடித்தாலும் பொருட்படுத்தாமல் பிய்த்தெறிந்துவிட்டு நிரையில் நடப்பவர், வெள்ளை உடை அணிந்த தாதியொருவர் பஞ்சால் கையைத் துடைத்ததுமே முகம் வெளிறி விழுகிறார். சுற்றி நிற்போர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின் அவர் மறுபடி முகாமின் பக்கம் வருவாரா?

மருத்துவம் இதற்குத் தெளிவான விளக்கம் தருகிறது. பாம்பைக் கண்டு அஞ்சினால் இதயம் வேகமாகத் துடிக்கும், இரத்த அழுத்தம் உயரும், ஓடுவதற்கு உடல் ஆயத்தமாகும். ஊசியையும் இரத்தத்தையும் கண்டு அஞ்சும் சிலரிடமோ முதலில் சற்று உயரும் அழுத்தம் திடீரென வீழ்கிறது, இதயத் துடிப்பு தளர்கிறது, மூளைக்குச் செல்லும் இரத்தம் ஒரு கணம் குறைகிறது, மயக்கம் வருகிறது. இது குடும்பங்களில் தலைமுறையாகத் தொடர்வதும் உண்டு. ஆகவே மயங்கி விழுபவர் கோழையும் அல்லர், விசுவாசம் குறைந்தவரும் அல்லர். அவருடைய நரம்புகள் அவரைக் கேளாமலே செயற்படுகின்றன.

பெற்றோருக்கு இங்கே ஒன்று சொல்லவேண்டும். "சொன்னபடி கேட்காவிட்டால் டொக்டரிடம் சொல்லி ஊசி போடுவேன்" என்று பிள்ளைகளை மிரட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழியவில்லை. நோய் தீர்க்கும் ஊசியைத் தண்டனையின் கருவியாகப் பிள்ளையின் மனத்தில் பதிய வைக்கிறோம். அப்பிள்ளை பதினெட்டு வயதை அடைந்து இரத்தம் கொடுக்கும் தகுதி பெறும்போது, நாம் விதைத்த அச்சமும் அவனோடு வளர்ந்து நிற்கிறது. தடுப்பூசி போடும் நாளில் வலிக்காது என்று பொய் சொல்லவும் வேண்டாம். சிறிது வலிக்கும், அம்மா அருகில் இருப்பேன் என்று சொல்லுங்கள். உண்மையும் அருகிருப்பும் பிள்ளைக்குப் போதும்.

அச்சத்தோடு எழுந்து சென்றவர்

அச்சம் இல்லாதவனே வீரன் என்று உலகம் கருதுகிறது. நற்செய்தி அவ்வாறு கருதவில்லை. ஒலிவ மலையில் ஆண்டவர் இயேசு பட்ட பாட்டை நற்செய்தியாளர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அவர் கலங்கினார், தம் நெருங்கிய சீடர் மூவரையும் உடனிருக்கும்படி வேண்டினார், அந்தத் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலும்படி தந்தையிடம் கேட்டார். அவருடைய வியர்வை இரத்தத் துளிகளைப் போல நிலத்தில் விழுந்ததை லூக்கா குறிப்பிடுகிறார் (லூக்கா 22:44). அவ்வளவு கலக்கத்துக்குப் பின்னரும் உறங்கிய சீடர்களை எழுப்பிக்கொண்டு தம்மைப் பிடிக்க வந்தவர்களை எதிர்நோக்கிச் சென்றார். கலக்கம் தீரட்டும், பிறகு புறப்படுவேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணையும் நினைத்துக்கொள்வோம் (மாற்கு 5:25-34). மருத்துவர் பலரிடம் சென்று கைப்பொருளை எல்லாம் இழந்தவள் அவள். கூட்டத்தின் நடுவே ஆண்டவரின் ஆடையைத் தொட்டபின், அஞ்சி நடுங்கியபடியே அவர்முன் வந்து நடந்ததைச் சொன்னாள். ஏன் நடுங்குகிறாய் என்று ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. மகளே என்று அழைத்து, அவளுடைய விசுவாசத்தைப் பாராட்டினார். நடுக்கமும் விசுவாசமும் ஒரே நெஞ்சில் ஒரே வேளையில் குடியிருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? அன்பு நிறைவடையும்போது அச்சத்தை வெளியே தள்ளிவிடும் என்று புனித யோவான் தம் முதல் திருமுகத்தில் கற்பிக்கிறார். அன்பு செய்யத் தொடங்கினால்தான் அது நிறைவடையும். அச்சம் போகும்வரை அன்பை நிறுத்தி வைத்தால் இரண்டுமே நின்ற இடத்தில் நிற்கும்.

ஒரு கணமும் பாராத கண்கள்

இதற்கு நம் காலத்துச் சான்று ஒருவர் இருக்கிறார். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹரிசன் 1936இல் பிறந்தவர். பதினான்கு வயதில், 1951இல், நெஞ்சறையில் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானார். முன்பின் அறியாத பலருடைய இரத்தம் அவரைப் பிழைக்கவைத்தது. வளர்ந்ததும் தானும் கொடுப்பது என்று அப்பொழுதே தீர்மானித்தார். 1954இல், பதினெட்டு வயதில், அதை நிறைவேற்றத் தொடங்கினார்.

அவருக்கு ஊசி என்றால் ஆகாது. பெரும் வெறுப்பும் அச்சமும் இருந்தன. இருந்தும் சென்றார். ஊசி குத்தும்போது கூரையைப் பார்ப்பார், தாதியரோடு உரையாடுவார்; தன் கையில் ஊசி ஏறுவதை மட்டும் பார்க்கமாட்டார். அவருடைய இரத்தத்தில் அரியதொரு எதிர்ப்புப் பொருள் இருப்பதைப் பின்னர் மருத்துவர்கள் கண்டனர். 'ஆர்எச் நெகட்டிவ்' வகை இரத்தமுள்ள தாயின் வயிற்றில் 'ஆர்எச் பொசிட்டிவ்' வகைக் குழந்தை உருவானால், தாயின் உடலே அடுத்தடுத்த குழந்தைகளின் இரத்தத்தை எதிரியாகக் கருதி அழிக்கக்கூடும். அதைத் தடுக்கும் 'அன்டி-டி' ஊசிமருந்தை ஹரிசனைப் போன்றவர்களின் இரத்தத்திலிருந்தே ஆக்குகிறார்கள்.

'பிளாஸ்மா' எனப்படும் திரவப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துச் செங்குழியங்களை உடலுக்கே திருப்பிவிடும் முறையில் அடிக்கடி கொடுக்க முடியும். அவ்வாறு 2018இல், 81 வயதில் ஓய்வுபெறும்வரை, ஹரிசன் 1,173 தடவை கொடுத்தார். அவர் வழியாக நன்மை பெற்ற குழந்தைகள் இருபத்து நான்கு இலட்சம் என்று அவுஸ்திரேலிய செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டது. 2025 பெப்ரவரியில் தம் 88ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, இங்கே உற்றுநோக்க வேண்டியது 1,173 என்னும் எண்ணிக்கையை அன்று. அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கொடுத்தும் அவருடைய அச்சம் முற்றாக அகலவில்லை. கடைசிவரை அவர் ஊசியைப் பார்க்காமலே இருந்தார். அச்சத்தை வென்ற பிறகு கொடுப்பேன் என்று அவர் காத்திருந்தால் முதல் தானமே நடந்திராது. இதை எழுதும் நானும் ஊசியைக் கண்டால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்பவனே. முகத்தைத் திருப்பிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கையை மட்டும் திருப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

அச்சத்துக்கு ஒரு பயிற்சி

வெறும் அறிவுரையோடு நின்றுவிட எனக்கு மனமில்லை. உதவக்கூடிய வழிகள் இருக்கின்றன.

சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரன் ஓஸ்ட் 1980களில் எளிய பயிற்சியொன்றை ஆராய்ந்து வகுத்தார். மயக்கம் வரக் காரணம் இரத்த அழுத்தம் வீழ்வதுதானே? தசைகளை இறுக்கினால் அழுத்தம் உயரும். கைகள், கால்கள், வயிறு ஆகியவற்றின் தசைகளை முகத்தில் சூடு ஏறுவதை உணரும்வரை பத்துப் பதினைந்து வினாடிகள் இறுக்கிப் பிடியுங்கள். பின் இருபது முப்பது வினாடிகள் தளர விடுங்கள். இவ்வாறு ஐந்து முறை. இதை ஒரு வாரம் வீட்டில் பழகிக்கொள்ளலாம். முகாமில் படுத்திருக்கும்போது, ஊசி ஏறிய கையை அசைக்காமல், கால்களையும் மற்றக் கையையும் மட்டும் இறுக்கித் தளர்த்தலாம்.

அச்சத்தைப் படிப்படியாகவும் பழக்கலாம். முதல்முறை நண்பருக்குத் துணையாகச் சென்று வாசலில் அமர்ந்திருங்கள். அடுத்தமுறை அருகில் நின்று பாருங்கள். பிறகு விரல்நுனியில் குத்திச் செய்யும் சோதனையை மட்டும் செய்துகொள்ளுங்கள். அதன்பின் படுக்கைக்குச் செல்லுங்கள். ஓர் ஆண்டு ஆனாலும் ஆகட்டும்.

செல்லும் நாளில் நன்றாக உண்டு, போதிய நீர் அருந்திச் செல்லுங்கள். ஊசி போடும் முன் அரை லீற்றர் நீர் அருந்துவது மயக்கத்தைக் குறைக்கும். எனவே சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் நோன்பிருந்த வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்கச் செல்லவேண்டாம். தவக்காலத்தில் வேறு நாட்கள் நிறைய இருக்கின்றன. "எனக்குப் பயம்" என்று தாதியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் உங்களைப் போன்ற ஆயிரம் பேரைக் கண்டவர்கள். படுக்கவைத்து, பேச்சுக்கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். இரத்ததான ஊசி சாதாரண ஊசியைவிடச் சற்றுப் பருமனானது என்பதை மறைக்க விரும்பவில்லை. அது குத்தும் வலி சில வினாடிகளே. பத்து நிமிட அளவில் எல்லாம் முடிந்துவிடும். பின்னர் சிறிது நேரம் ஓய்வெடுத்து, தருகின்ற பானத்தை அருந்திச் செல்லுங்கள். அன்று கொழுந்து மூட்டை தூக்குவதும் செங்குத்து மலை ஏறுவதும் கூடாது. ஆகவே நம் தோட்டங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே ஏற்ற நாள்.

கொடுக்க முடியாதவர்களுக்கு

பதினெட்டு வயது நிறைந்து அறுபதைத் தாண்டாத, 50 கிலோவுக்குக் குறையாத நிறையுள்ள, உடல்நலம் மிக்க எவரும் கொடுக்கலாம். ஆயினும் நம் பெண்களுள் பலர் மனத்துணிவோடு சென்றும், இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு என்று கூறித் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அவர்கள் முகம் வாடித் திரும்புவதைக் காணும்போது என் மனம் வருந்துகிறது. நாளெல்லாம் மலையில் நின்று, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் தாயின் உடலில் இரத்தம் குறைந்திருந்தால் அது அவளுடைய குற்றமா? அவள் ஏற்கனவே கொடுத்துவிட்டாள் என்பதல்லவா அதன் பொருள்?

அந்தச் சோதனையும் வீண்போவதில்லை. தனக்குச் சோகை இருப்பதை அன்றே அறிந்து சிகிச்சை பெற அது வழிகாட்டுகிறது. வீட்டார் அவளுடைய தட்டில் கீரையும் பருப்பும் மீனும் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். உணவு உண்ட கையோடு சாயத்தண்ணி குடிப்பது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். தேயிலை நம் வாழ்வு என்றாலும் ஒரு மணிநேரம் கழித்துக் குடிக்கலாம். மனைவியோ தாயோ கொடுக்க இயலாத வீட்டில், உடல்நலமுள்ள ஆண்கள் ஊசியைக் காரணம் காட்டி ஒதுங்குவது எவ்வகையில் நியாயம் என்று அவர்களே சிந்திக்கட்டும்.

எவ்வளவு முயன்றும் முடியாதவர்களும் இருப்பர். அவர்கள் குற்றவுணர்வு கொள்ளவேண்டாம். முகாமுக்கு இடம் ஒழுங்குசெய்யவும், பெயர் எழுதவும், அஞ்சுபவரின் கையைப் பற்றிக்கொண்டு அருகில் அமரவும் ஆட்கள் வேண்டும். அச்சத்தை அறிந்தவரே அஞ்சுபவருக்கு நல்ல துணை.

சாதாரண நாளின் அழைப்பு

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாளை நாம் எவரும் மறக்க முடியாது. உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியில் இருந்த மக்கள் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் குண்டுகளுக்கு இரையானார்கள். மட்டக்களப்பு சீயோன் ஆலயமும் கொழும்பு விடுதிகளும் தாக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று இரத்தம் வேண்டும் என்ற செய்தி பரவியதும் நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய இரத்த நிலையத்தின்முன் மக்கள் திரண்டார்கள். பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் வரிசையில் நின்றார்கள். அவர்களுள் ஊசிக்கு அஞ்சியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்! அன்று அச்சத்தைவிட இரக்கம் பெரிதாக இருந்தது. பையில் ஏறிய இரத்தம் எந்த மொழியும் பேசவில்லை, எந்த மதத்தையும் சொல்லவில்லை. வகையை மட்டுமே சொன்னது. எரிகொவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனுக்கும் அவனைத் தூக்கிச் சுமந்த சமாரியனுக்கும் இடையே இருந்த சுவர் இடிந்ததை அன்று நாம் நேரில் கண்டோம்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரே நாளில் ஆயிரம் பேர் கொடுக்கும் இரத்தம் ஆறு வாரங்களுக்குப் பின் வரும் தாய்க்குப் பயன்படாது. பேரிடர் நாளில் எழும் துணிவு போற்றத்தக்கது. எந்தச் செய்தியும் இல்லாத, எவரும் அழைக்காத சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் எழும் துணிவு அதனினும் அரியது. நம் நாட்டில் சேரும் இரத்தத்தின் பெரும்பங்கு நடமாடும் முகாம்களிலிருந்தே கிடைக்கிறது. வெசாக், பொசன் காலங்களில் விகாரைகளில் முகாம்கள் நடத்தி, நம் பௌத்த சகோதரர்கள் இதை ஒரு தானமாகவே செய்துவருகிறார்கள். அன்புடையவர் தம் எலும்பையும் பிறருக்கு உரிமையாக்குவர் என்று வள்ளுவர் சொன்ன மரபில் வந்த தமிழரும், தம் இரத்தத்தைச் சிந்தி நம்மை மீட்டவரைத் திருப்பலியில் நினைவுகூரும் கத்தோலிக்கரும் ஒருங்கே நாமாக இருக்கிறோம். நம் பங்குத் திருவிழாப் பட்டியலில் கொடியேற்றம் உண்டு, சுற்றுப்பிரகாரம் உண்டு, அன்னதானம் உண்டு. இரத்ததானத்துக்கு ஒரு நாள் எங்கே?

கல்வாரியில் சிந்தப்பட்ட இரத்தத்துக்கு நம் 450 மில்லிலீற்றர் ஈடாகாது. ஈடாக்கவும் எவரும் எண்ணவேண்டாம். அந்தப் பலியில் பங்குகொண்டு திரும்பும் ஒருவர், தம்மால் இயன்ற சிறு அளவில் அதை வாழ்ந்துகாட்ட ஒரு வழி என்று மட்டும் சொல்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் சுருக்கமானது. ஒவ்வொரு பங்கிலும் இளையோர் மன்றமும் புனித வின்சென்ட் தே பவுல் சபையும் அண்மையிலுள்ள இரத்த வங்கியோடு பேசி, ஆண்டுக்கு மூன்று முறை, நான்கு மாத இடைவெளியில், ஞாயிறு திருப்பலிக்குப் பின் முகாம் ஒழுங்குசெய்யட்டும். துணிந்தவர்களைப் பாராட்டும்போது அஞ்சுபவர்களைக் கேலி செய்யாதிருக்கட்டும். மயங்கி விழுந்தவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று, அடுத்தமுறையும் வாருங்கள் என்று சொல்லட்டும். அச்சமுள்ளவர் ஒருவர், அச்சமுள்ளவராகவே, தம் அயலவரோடு அந்த வரிசையில் சென்று நிற்கட்டும்.

ஒலிவ மலையில் கலங்கிய ஆண்டவரே, எங்கள் நடுக்கத்தை நீர் அறிவீர். அது நீங்கும்வரை எங்களைக் காத்திருக்க விடாமல், நடுங்கும் கரத்தையே நீட்டும் அருளை எங்களுக்குத் தாரும். எங்கோ ஒரு வைத்தியசாலையில் கண்விழிக்கும் தாயையும் அவளுடைய குழந்தையையும் ஆசீர்வதியும். ஆமென்.